வரவேற்பு விருந்துக்கு நான் அழைத்தவர்

எங்கள் திருச்சபையில் ஒரு சட்டம் இருக்கிறது. குருவானவர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால், அதன்பிறகு தான் இருந்த கோயில் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ஞாயிறு ஆராதனைக்கு வரக் கூடாது. அங்கே யாருடைய கலியாணத்தையும் நடத்தக் கூடாது, யாரையும் அடக்கம் செய்யக் கூடாது. பழைய சபையாரிடம் தொலைபேசியில் சுகம் விசாரிப்பதைக்கூடக் கூடியவரை தவிர்க்க வேண்டும். அடுத்து வருபவர் காலூன்ற இடம் விட வேண்டுமாம். அந்தப் புதியவரே வாய் திறந்து அழைத்தால் மட்டும் வரலாம்.

இதை நான் முதன்முதலாகக் கேட்டது எங்கள் பழைய குருவானவரின் பிரியாவிடையன்று. பேராயருக்கு அடுத்தபடியாக மொன்றியல் மேற்குப் பகுதிக் கோயில்களைக் கவனிக்கும் பெரிய குருவானவர் ஒருவர் வந்திருந்தார். கேக் வெட்டுவதற்கு முன் அவர் எழுந்து நின்று, மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிப்பவர்போல இந்தச் சட்டத்தைச் சொல்லி முடித்தார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிக் கொடுத்த பெண்ணிடம் இனித் தாய் வீட்டுக்கு வராதே என்று சொல்வதுபோல இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் காரிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். என் கணவர் யாழ்ப்பாணத்துச் சைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போவார், சாப்பாடு உள்ள நாட்களில் உள்ளேயும் வருவார்.

"ஐயரே கோயிலுக்கு வரக்கூடாதெண்டால், பேந்து ஆர்தான் வாறது?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நான் அந்தக் கோயிலின் வார்டன். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். சாவி வைத்திருப்பது, கூரை ஒழுகினால் ஆள் பிடிப்பது, குருவானவர் இல்லாத காலத்தில் எல்லோருடைய முறைப்பாட்டையும் காது கொடுத்துக் கேட்பது, இவைதான் வேலை. செங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். வருகிறவர்களில் பாதிப்பேர் ஊன்றுகோலோடு வரும் ஆங்கிலேயக் கிழவிகள், மீதி கரிபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள். தமிழ் என்று பார்த்தால் எங்கள் வீடு ஒன்றுதான். நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸில் தமிழருக்குக் குறைவில்லை, ஆனால் அவர்கள் சைவர்கள், அல்லது கத்தோலிக்கர். நான் திருகோணமலையில் அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்தவள். கோயிலில் எனக்குத் தமிழில் பேச ஆள் கிடையாது. அதற்காக நான் ஏங்கியதாகவும் சொல்ல முடியாது, பழகிவிட்டது.

பழைய குருவானவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. அகதிகளாக வந்திறங்கிய குளிர்காலத்தில், பஸ்ஸைத் தவறவிட்டு, குளிருக்கு ஒதுங்கத்தான் முதன்முதலில் அந்தக் கோயிலுக்குள் போனேன். அவர் கேள்வி ஒன்றும் கேட்காமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எங்கள் அகதி விசாரணைக்கு வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், வெளியே வாங்கில் உட்கார்ந்து பகல் முழுக்கக் காத்திருந்தார். கோயில் வாகனத் தரிப்பிடத்தில் தன் சொந்தக் காரில் எனக்கு ஓட்டப் பழக்கினார். நான் வேலியில் கொண்டுபோய் இடித்தபோது, "வேலி பிழையான இடத்தில் நிற்கிறது" என்றார். என் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். என் அம்மா சாகக் கிடந்தபோது தினமும் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் எழுந்து போகும்வரை அம்மா முனகாமல் கிடப்பாள்.

அவருக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளும் இல்லை. ஓய்வு பெற்றபின் நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் ஓர் அறையில் இருந்தார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்களிடமிருந்து வெட்டிவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்தக் கோபத்தை நெஞ்சில் வைத்து வளர்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கோயில் வெகு காலம் ஆளில்லாமல் கிடந்தது. பிறகு ஒருநாள் செய்தி வந்தது. வரப்போகும் குருவானவர் ஒரு பெண், இந்தியாவிலிருந்து வந்து இங்கே படித்துக் குருப்பட்டம் பெற்றவர், தமிழர். முதலில் ஒரு வருடத்துக்கு. சபை அவரோடு ஒத்துப்போனால் நிரந்தரமாக்குவார்கள். ஒத்துப்போகாவிட்டால் ஒரு வருடத்தோடு சரி.

ஆராதனையில் ஓர்கன் வாசிக்கும் கிழவி ஒருவர் இருக்கிறார். நல்ல மனம், வாய்க்கு மட்டும் வேலி கிடையாது. செய்தியைக் கேட்டதும் என் தோளைத் தட்டி, "இனி உனக்கென்று உங்கள் ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார்!" என்றார். நான் சிரித்துவைத்தேன், உள்ளே கொதித்தது. அப்படியானால் இத்தனை வருடமும் எனக்கு ஆட்கள் இருக்கவில்லையா? நான் தேநீர்க் கோப்பை கழுவியது யாருக்காக? அந்த இடத்திலேயே ஒரு பிடிவாதம் வந்தது. புதியவருக்கு நான் தனியாக ஒரு சலுகையும் காட்டப் போவதில்லை. தமிழ், தமிழ் என்று ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

அவர் வந்த அன்று பனி கொட்டியது. நானும் கணவரும் குருவானவர் குடியிருக்கும் குருமனையைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். நாற்பது வயதிருக்கலாம், மெலிந்த உருவம். இரண்டு பெட்டிகளையும், துணியில் சுற்றிய ஒரு இட்லிப் பானையையும் டாக்ஸியிலிருந்து இறக்கினார். என்னைக் கண்டதும் முகம் அப்படியே மலர்ந்தது.

"அக்கா! நீங்க தமிழ்னு சொன்னாங்க. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? எங்களுக்குத் திருநெல்வேலி பக்கம்."

நான் கையை நீட்டி, "எங்கள் சபைக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வங்கியில் வேலை செய்பவள் பேசுவதுபோலப் பேசினேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அதன்பிறகு நாங்கள் இருவரும் ஆங்கிலம்தான்.

"என்னப்பா, அந்தப் பிள்ளை ஆசையாய்க் கதைக்குது, நீ என்னெண்டால் வெள்ளைக்காரி மாதிரி நிக்கிறாய்?" என்று கணவர் காரில் கேட்டார்.

"அவ எல்லாருக்கும்தான் குரு. எனக்கு மட்டுமில்லை" என்றேன். நியாயமான பதில்தான். நியாயமாகப் பேசிக்கொண்டே அநியாயம் செய்வதில் நான் கெட்டிக்காரி.

வரவேற்பு ஆராதனைக்கு நாள் குறித்தார்கள். பேராயர் வந்து புதிய குருவைப் பதவியில் அமர்த்துவார், அதன்பின் கீழ் மண்டபத்தில் விருந்து. விருந்து என் பொறுப்பு. ஆட்டிறைச்சி ரோல்ஸ், மீன் கட்லட், கத்தரிக்காய்ப் பொரியல், கிழவிகளுக்கு ஓரம் வெட்டிய முட்டை சாண்ட்விச். ஜான்-டலோன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவந்தபோதுதான் அவர் நினைவு வந்தது. எங்கள் கோயில் விருந்துகளில் ரோல்ஸ் தட்டு இருக்கும் இடத்தில்தான் பழைய குருவானவர் நிற்பார். அவர் இல்லாமல் ஒரு விருந்தை நான் சமைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சுகம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விருந்தைப் பற்றிச் சொன்னேன். ரோல்ஸ் என்றதும் அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. 

"புதியவர் என்னைக் கேட்டாரா?" என்றார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். ஆனால் அந்தக் குரலில் இருந்த ஆசை ஒரு கிழவருக்கு இருக்கக் கூடாத அளவு பெரிதாக இருந்தது.

"ஓம், ஃபாதர்" என்றேன். "அவர்தான் உங்களை அழைக்கச் சொன்னார்."

பொய் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, அதற்காக அது பொய் இல்லை என்று ஆகிவிடாது. தொலைபேசியை வைத்தபின் பயம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா, கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்தச் சட்டத்தின் மண்டையில் ஒரு குட்டுப் போட்டதுபோல. இதனால் யாருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். புதியவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

வரவேற்பு நாள் வந்தது. புதிய குருவுக்குச் சபையார் ஒவ்வொருவராக ஒவ்வொரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஒருவர் வேதாகமம், ஒருவர் ஞானஸ்நானத் தண்ணீர், ஒருவர் எண்ணெய், ஒருவர் அப்பமும் திராட்சரசமும். கடைசியாக வார்டன் கோயில் சாவியைக் கொடுக்க வேண்டும். சாவி கைமாறியதும் புதியவர் வாசலுக்குப் போய்க் கோயில் மணியை அடிப்பார். எத்தனை தடவை அடிக்கிறாரோ அத்தனை வருடம் நிலைப்பார் என்று கிழவிகளிடையே ஒரு பேச்சு உண்டு. பழையவர் தன் நாளில் கை ஓயும்வரை அடித்தாராம்.

நான் சாவியைக் கொடுத்தேன். அவருடைய விரல்கள் சில்லென்று இருந்தன. பதற்றமாக இருந்திருக்க வேண்டும். மணிக்கயிற்றைப் பிடித்து ஒரு தடவை இழுத்தார். அதே நேரம் வாசல் கதவு திறந்தது. பழைய குருவானவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிந்தி வந்த பள்ளிக்கூடப் பையனைப்போல நின்றார்.

கோயில் முழுவதும் திரும்பியது. ஓர்கன் கிழவி வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்தே விட்டார். யாரோ கைதட்டினார்கள், உடனே எல்லோரும் தட்டினார்கள். புதியவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கைதட்டல் தனக்கு இல்லை என்று அவருக்கு விளங்கிய கணத்தை நான் பார்த்தேன், பக்கத்தில்தான் நின்றேன். கயிற்றை மெதுவாக விட்டுவிட்டார். இரண்டாவது தடவை அடிக்கவில்லை.

கீழ் மண்டபத்தில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. பழையவரைச் சுற்றி ஒரே கூட்டம். படம் எடுப்பதென்ன, கட்டிப்பிடிப்பதென்ன, பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவதென்ன! புதியவருக்கென்று நான் பூ வைத்து அலங்கரித்த மேசையில் யாருமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, எனக்கு உதவி செய்வதுபோல, தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு பரிமாறத் தொடங்கினார். தன்னுடைய வரவேற்பில் தானே தேநீர் பரிமாறினார். சிலர் அவரைப் பார்க்காமலே கோப்பையை எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள்.

நான் நினைத்திருந்தால் அந்தக் கூட்டத்தைக் கலைத்திருக்கலாம். வாருங்கள், புதியவரோடு உட்காருங்கள் என்று நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். நான் ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு பழையவரிடம் போனேன்.

அவர்தான் புதியவரைத் தேடி எழுந்து வந்தார். பெரிய குருவானவரும் அப்போது அங்கேதான் முறைத்துக்கொண்டு நின்றார். பழையவர் புதியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என்னை அழைத்ததற்கு எப்படி நன்றி சொல்வேன்? வேறு யாராக இருந்தாலும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது.

புதியவர் அவரைப் பார்த்தார். பிறகு அவருடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தட்டின் மேல் தாழ்த்தினேன். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு.

"நீங்கள் வந்தது எனக்குச் சந்தோஷம்" என்றார். "நான் அழைக்காமல் இருப்பேனா?"

பெரிய குருவானவர் புதியவரை ஓரமாக அழைத்துப் போனார். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில்தான், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதல் நாளே இப்படி ஒரு முட்டாள்தனமா, சட்டம் எதற்காக இருக்கிறது தெரியுமா, உங்கள் காலில் நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்றார். புதியவர், "மன்னிக்க வேண்டும், எனக்குப் பட்டதைச் செய்தேன்" என்றார். நான் கோப்பை கழுவினேன். கழுவிய கோப்பையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்து நாலு சொல் சொல்ல எனக்கு நா எழவில்லை. எதற்கெடுத்தாலும் வாய் காட்டுகிறவள் நான், அன்றைக்குப் பார்த்து வாயடைத்துப் போனேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அது சரியான பிழையப்பா. அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லு. பெரிய ஐயரிட்டயும் சொல்லு."

"சொல்லுறன், சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. இந்த வாரம் வேண்டாம், உயிர்த்த ஞாயிறு போகட்டும், கோடை வரட்டும் என்று நாளைக் கடத்தினேன். ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரோடும் சேர்ந்து முழங்காலிட்டுப் பொதுப் பாவ அறிக்கை சொன்னேன். எல்லோரும் ஒன்றாகச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, தன்னுடையது எது என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லை.

நான் செய்தது அன்றோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. புதியவரே கதவைத் திறந்துவிட்டார் என்று சபை நினைத்துக்கொண்டது. அதனால் எல்லோரும் கூச்சமில்லாமல் பழையவரைத் தேடிப் போனார்கள். ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால் ஜெபத்துக்கு அவர். ஒருவரின் பேத்திக்குக் கலியாணம் என்றால் அவர். புதியவர் பஸ் பிடித்து வீடு வீடாகப் போனார். கிழவிகள் தேநீர் கொடுத்து, வானிலை பேசி, மரியாதையாக வழியனுப்பிவைத்தார்கள். மனதில் உள்ளதைப் பேசுவதற்கு வேறு ஆளிடம் போனார்கள். புதியவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வார்? அழைத்தவரே அவர்தானே.

இலையுதிர் காலத்தில் ஓர்கன் கிழவியின் கணவர் இறந்தார். புதியவர் அந்த மனிதரை மருத்துவமனையில் நாள் தவறாமல் போய்ப் பார்த்தவர். அடக்க ஆராதனையைப் பழையவர் நடத்த வேண்டும் என்று கிழவி கேட்டார். புதியவர் சரி என்றார். அன்றைக்கு அவர் தன் கோயிலில், கடைசி வரிசையில், சாதாரண உடுப்போடு உட்கார்ந்திருந்தார். பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருந்தார், பக்கம் புரட்டவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

மறுநாள் பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு குருமனைக்குப் போனேன். சமையலறையில் இட்லிப் பானை அடுப்பில் இருந்தது. மேசையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். பெரிய வீடு, வெளிச்சம் அந்த ஒரு அறையில்தான். அவர் கதவைத் திறந்து வழக்கம்போல ஆங்கிலத்தில் உள்ளே வரச் சொன்னார்.

"உங்களிட்ட ஒரு விசயம் கதைக்க வேணும்" என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவரிடம் பேசிய முதல் தமிழ் வசனம் அது.

"உட்காருங்கக்கா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றால் நல்ல பெயர் கிடைக்கும், அழவில்லை. கோபக்காரிபோல விறைத்துக்கொண்டே சொன்னேன். நாளைக்கே பெரிய குருவானவரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றும், சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிட்டுப் பொதியை அவிழ்த்தார்.

"வேண்டாங்கா. நீங்க சொன்னா அது அந்தப் பழைய ஃபாதர் காதுக்குப் போகும். கூப்பிடாத வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்தோம்னு அவருக்குத் தெரிஞ்சா, அந்த மனசு என்னாகும்? எங்கிட்ட அன்னைக்கு எப்படிக் கையப் பிடிச்சாரு, பாத்தீங்கள்ல?"

"அப்ப உங்கட பாடு?"

"என் பாட்டை நான் பாத்துக்குவேன்."

நான் கேட்கத் தயங்கியதைக் கேட்டேன். "அண்டைக்கு நீங்க ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?"

அவர் இன்னொரு தட்டு எடுத்து எனக்கும் பிட்டு வைத்தார்.

"இந்தக் கோயில்ல தமிழ்ல பேசறதுக்கு எனக்கு நீங்க ஒரே ஆள்தான்க்கா. அன்னைக்கு உங்களையும் காட்டிக் குடுத்துட்டா, அப்புறம் நான் யார்கிட்டப் பேசறது? என்னைக்காச்சும் ஒரு நாள் பேசுவீங்கன்னு இருந்தேன்."

நான் பிட்டை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தேன். வந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை தமிழ் கொடுக்காமல் நான் கஞ்சத்தனம் பிடித்திருக்கிறேன், அவர் அதற்காகக் காத்திருந்திருக்கிறார். பொய் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பெரிய பாவமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அதன்பிறகு பேசினோம். புவாண்ட்-கிளேரில் வேலை முடிந்ததும் நான் நேரே குருமனைக்குப் போவேன். அவர் இட்லி வார்ப்பார், என் சம்பலைக் காரம் என்று வைதுகொண்டே இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வார். என் கணவரை "மச்சான்" என்று கூப்பிட்டு அவரைத் திக்குமுக்காட வைத்தார். பாளையங்கோட்டையில் இருந்த தன் தாயோடு வீடியோவில் பேசும்போது என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்துவார். ஆட்களை அச்சுப்போலப் பேசிக்காட்டுவதில் மகா விண்ணி, பெரிய குருவானவரையும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவு கலகலப்பான பெண்ணையா நான் அத்தனை மாதம் வானிலைப் பேச்சோடு நிறுத்தி வைத்திருந்தேன் என்று ஒவ்வொரு தடவையும் மனம் குறுகுறுக்கும். ஆனால் காலம் கடந்துவிட்டது.

வருடம் முடியும் தறுவாயில் பெரிய குருவானவர் வந்து சபையாரைத் தனித்தனியாக விசாரித்தார். யாரும் புதியவரைக் குறை சொல்லவில்லை. நல்ல பெண், ஆனால் இன்னும் பழகவில்லை என்றார்கள். என் முறை வந்தபோது நான் புதியவரைப் புகழ்ந்தேன், கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். பெரிய குருவானவர் கனிவாகக் கேட்டுவிட்டு, "உங்கள் நாட்டுக்காரர் என்ற பாசம் எனக்குப் புரிகிறது" என்றார். புதியவர் இந்தியர், என் நாட்டுக்காரர்கூட இல்லை. நான் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அவரை நிரந்தரமாக்கவில்லை. வினிப்பெக்கில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கான குருவாகப் போகச் சொன்னார்கள்.

"மணி ஒரு தடவைதானே அடித்தது" என்றார் ஓர்கன் கிழவி, பெருமூச்சோடு. மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பழியைத் தூக்கி மணியின் மேல் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகக் கேக் சாப்பிட்டார்கள். அது ஏன் ஒரு தடவையோடு நின்றது என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான், எனக்கு வாய் கட்டு.

கடைசி ஞாயிறு போகிறவர் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த சாவியை அவர் என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

என் கணவர்தான் விமான நிலையத்துக்குக் காரோட்டினார். இட்லிப் பானை என் மடியில் இருந்தது. இறங்கும்போது அதை வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "இனிமே நீங்க என்னைக் கூப்பிடக் கூடாதுக்கா. நானும் கூப்பிட மாட்டேன். அடுத்து வர்றவருக்கு இடம் விடணும்ல? சட்டம் நல்ல சட்டம்தான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தலையாட்டினேன், ஆங்கிலேயரைப்போல.

அவருடைய இலக்கம் என் கைபேசியில் இருக்கிறது. இட்லி மாவைக் காணும்போதெல்லாம் கை அதில் போகிறது. இதுவரை அழுத்தவில்லை. அவருக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் மிச்சம், அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இப்போது இன்னொருவர் வருகிறார். ஒன்ராறியோவிலிருந்து, மனைவி பிள்ளைகளோடு. வருகிற ஞாயிறு வரவேற்பு, விருந்து வழக்கம்போல என் பொறுப்பு. இன்று பகல் ரோல்ஸுக்கு இறைச்சி அவித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பழைய குருவானவர். குரல் இப்போது நன்றாகத் தளர்ந்துவிட்டது. சுகம் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், இறைச்சி வாசம் தனக்கு அங்கேயே வருகிறது என்றார். 

"புதியவர் என்னைக் கேட்டாரா?" என்றார்.

அடுப்பைக் குறைத்தேன். எனக்கு ஒரு சொல் போதும், போன தடவை அது எவ்வளவு சுளுவாக வந்தது!

"இல்லை, ஃபாதர்" என்றேன். "கேட்கவில்லை."

 "எல்லோரும் அவளைப்போல இருப்பார்களா?" என்றார் அவர். "உங்கள் தமிழ்ப் பெண். அதுவரை என்னை ஒரு தடவைகூடக் கண்டதில்லை, இருந்தும் என்னை நினைத்து அழைத்தாளே. அப்படி ஒரு மனம் யாருக்கு வரும்?"

"ஓம், ஃபாதர்" என்றேன். "யாருக்கும் வராது."